மதகடிப்பட்டு ஆலையில் எட்டு கோர்கள்

"இன்னாம்மா, ஆபீஸ்ல வேற யாரும் கெடைக்கலியா? காலேஜ் பொண்ண அனுப்சிகிறாங்க?"

மதகடிப்பட்டில் அரிசி ஆலை வைத்திருக்கும் முதலாளி என்னைப் பார்த்ததும் கேட்டது இது.

"இந்த போர்டு என்னுது முதலாளி. வேற யாரு வந்தாலும் எனக்குத்தான் போன் போடுவாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மெஷின் கழித்துத் தள்ளும் ரிஜெக்ட் குழாயின் கீழே இருந்த அரிசியில் ஒரு கை அள்ளி மேஜையில் போட்டார். "இதுல கருப்பு எத்தினி இருக்குது, சொல்லு. பாதிக்கு மேல நல்ல அரிசி. இத்த இன்னா, மாட்டுக்கா போடறது? சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் மெஷின வண்டில ஏத்திடுவேன்."

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரங்களுக்கான கணினி போர்டு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் கெர்னல் இன்ஜினியர். சிப்புக்கும் அதன் மேல் ஓடும் புரோகிராமுக்கும் நடுவில் இருந்து வேலை வாங்குவது கெர்னல். பாகூர் பக்கம் கரும்பு வெட்டுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இதை எந்த இடத்திலும் நிமிர்ந்துதான் சொல்வேன்.

ஆலையில் இருந்தது கலர் சார்ட்டர். அரிசி சரிவில் ஓடி விழும்போது கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கருப்போ கல்லோ தெரிந்தால், அது கீழே விழுவதற்குள் காற்று 'புஸ்' என்று ஊதித் தள்ளிவிடும். ஊதல் கண்சிமிட்டும் நேரம் தாமதித்தாலும் பின்னால் வரும் நல்ல மணி போய்விடும். கோர் என்பது சிப்புக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி. பழைய போர்டில் நான்கு கோர், ஒழுங்காக ஓடியது. நான் தனியாக ஓடவைத்த முதல் போர்டு இது, எட்டு கோர். மெஷின் திரும்பி வந்தால் இனி போர்டு வேலையை வெளியில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக எங்கள் மேலாளர் குமரன் சார் சொல்லியிருந்தார்.

கெர்னலுக்கு யார் சொன்னது?

சார்ட்டர் புரோகிராமை எழுதியவள் பிரமிளா; அவளும் ஆலைக்கு வந்திருந்தாள். என் வயதுதான். நெல் மூட்டை மேல் உட்கார்ந்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"என் புரோகிராம்ல ஒரு தப்பும் இல்லடி. கேமரா கோர் ஜீரோல, ஊதல் கோர் ரெண்டுல, ஒரே குரூப்லதான் ஓடுது. உன் கெர்னலே சொல்லுது பாரு, கோர் ஜீரோவும் கோர் ரெண்டும் ஒரே குரூப்பாம்."

"சொல்லுது, சரி. அதுக்கு யாருடி சொன்னாங்க?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிப்புக்குள் எல்லா கோரும் எல்லா கோருக்கும் பக்கத்தில் இல்லை. சில கோர்கள் ஒரே கேஷைப் பகிர்ந்துகொள்ளும். கேஷ் என்பது கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம். அதைப் பகிர்கிற இரண்டு கோர்களுக்கிடையே தகவல் உடனே போகும். மற்ற கோருக்கு என்றால் சுற்றிக்கொண்டு போகும். பூட் ஆகும்போதே, அதாவது போர்டு ஓடத் தொடங்கும்போதே, கெர்னல் எந்த கோர் எந்தக் குழு என்று தெரிந்துகொண்டு, அதை வைத்துத்தான் வேலைகளைப் பங்கு போடுகிறது. எந்த ஊரிலோ இருக்கிற எத்தனையோ பேர் சேர்ந்து எழுதிய அந்தப் பகுதியை நான் பல முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு கோராக எழுந்து வந்து தன் குழுவில் சேரும் விதத்தைப் படிக்கும்போது இப்போதும் எனக்கு வியப்பு அடங்காது.

சில சிப்புகளில் கோரையே கேட்டு இதைத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் சிப்பில், பூட் ஆகும்போது கொடுக்கும் 'டிவைஸ் ட்ரீ' என்ற விவரக் கோப்பைப் பார்த்துத்தான் கெர்னல் தெரிந்துகொள்கிறது. சிப் கம்பெனி தந்த கோப்பு அது. நான்கு நான்காக இரண்டு குழு என்றது.

கோப்பை ஓரமாக வைத்துவிட்டு சிப்பையே கேட்பது என்று முடிவு செய்தோம். அங்கேயே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். இரண்டு கோர்கள் ஓர் எண்ணைப் பந்து போல மாற்றி மாற்றி வீசும்; எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது அளக்கும். இப்படி எல்லா ஜோடிக்கும். அளக்க சார்ட்டரை நிறுத்தியதும் முதலாளி வந்துவிட்டார்.

"மெஷின நிறுத்திட்டு இன்னா வெளையாட்டு?"

"பத்து நிமிஷம் முதலாளி. பந்து வெளையாட்டுதான்" என்றாள் பிரமிளா.

திரையில் விடை வந்தது. ஜீரோவும் ஒன்றும் வேகம். இரண்டும் மூன்றும் வேகம். நான்கும் ஐந்தும், ஆறும் ஏழும் அப்படியே. மற்ற எல்லா ஜோடியும் பல மடங்கு மந்தம். நான்கு நான்காக இரண்டு குழு இல்லை. இரண்டிரண்டாக நான்கு குழு. கோப்பின் தலைப்பில் சிப் கம்பெனியின் பழைய சிப் ஒன்றின் பெயர் அழிக்கப்படாமல் கிடந்தது. பழையதை நகலெடுத்து மற்றதையெல்லாம் மாற்றியவர்கள், குழுவை மட்டும் மாற்றவில்லை. கேமராவும் ஊதலும் 'ஒரே குழு' என்ற பெயரில் சுற்றுவழியில் பேசிக்கொண்டிருந்தன.

உன் போர்டு

குமரன் சாருக்குப் போன் செய்தேன்.

"புரோகிராம்லயே ரெண்டு கோர் நம்பர எழுதிட்டு வாம்மா. இன்னிக்கு ஓடட்டும்."

"ஓடும் சார். ஆனா மத்த வேலையெல்லாம் கெர்னல் தப்பான எடத்துலதான் வைக்கும். டிவைஸ் ட்ரீ கோப்பையே மாத்திடறேன். ஒரு ரீபூட்தான்."

"சரியா வரலன்னா முதலாளி சனிக்கிழமை வரைக்கும்கூட பாக்காம இன்னிக்கே ஏத்திடுவாரு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"சரி. உன் போர்டு. நீ சொல்றபடி செய்."

மேலாளர்களைப் பற்றிக் குறை சொல்ல எல்லாரிடமும் கதை இருக்கும். என்னிடம் இந்த ஒரு வரி இருக்கிறது.

நான்கு குழுவாக மாற்றி, எந்த கேஷ் யாருக்கு என்றும் எழுதி, ரீபூட் செய்தேன். கெர்னல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எட்டு கோர்களையும் புதிதாக வகுத்துக்கொண்டது. பிரமிளாவின் புரோகிராமில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது வழக்கம்போல கெர்னலைக் கேட்டது. இந்த முறை சரியான ஜோடியைப் பெற்றது.

சார்ட்டர் ஓடியது. முதலாளி ரிஜெக்ட் குழாயின் கீழே உள்ளங்கையை நீட்டினார். கருப்பு, பழுப்பு, பொடிக்கல். நடுவே இரண்டு நல்ல மணி. அதைப் பொறுக்கி வாயில் போட்டு மென்றார்.

"ரெண்டு நல்லது போவுதே."

"பழைய போர்டுலயும் போவும் முதலாளி."

"போவும், போவும். எந்த மெஷின்லதான் போவல." கையைத் தட்டிக்கொண்டார். "இங்கியே இருக்கட்டும். ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டுப் போங்க."

இந்த வேலைக்கு வரப்போகும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். கெர்னல் ஒரு விஷயத்தைச் சொன்னால் நம்புங்கள். கூடவே அதற்கு யார் சொன்னது என்று தேடிப் பாருங்கள். அளக்க வழி இருந்தால் அளந்துவிடுங்கள்.

அந்தத் தவறான கோப்பு எல்லாருக்கும் பொதுவான கெர்னல் மூல நிரலிலும் இருக்கிறது. அந்தச் சிப்பை வாங்கும் எவருக்கும் இதே தவறுதான் கிடைக்கும். திருத்தத்தை அளவீடுகளோடு, என் பெயரில், எங்கே சோதித்தேன் என்ற இடத்தில் 'அரிசி தரம் பிரிக்கும் இயந்திரம்' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அந்தப் பகுதியைப் பராமரிப்பவரிடமிருந்து பதில் வந்தது: குழுவையும் கேஷையும் ஒன்றாகத் திருத்தாமல் இரண்டு தனி மாற்றங்களாகப் பிரித்து அனுப்புங்கள்.

பிரித்து, திரும்ப அளந்து பார்த்து, இன்று காலை அனுப்பிவிட்டேன்.