தனித்தட்டு, தனிப்பாய்

புதன்கிழமை மதியம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது, அருணாதேவி செங்கம் சாலை விடுதியின் சமையலறையில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு ஆசிரியை பேசினார். அருணாதேவியின் மகள் கவிநிலாவுக்குப் பக்கத்தில் உட்காரும் ஓவியாவுக்குக் கொரோனா உறுதியாகியிருந்தது. கவிநிலாவுக்கும் காலையிலிருந்து லேசான காய்ச்சல்.

"தனி ரூம் இருக்காம்மா?"

"சாமான் வெக்கிற ரூம் ஒண்ணு இருக்குது மிஸ்."

"அதுல படுக்க வைங்க. தனித் தட்டு, தனி டம்ளர். நாளைக்குக் காலைல சுகாதார நிலையத்துல டெஸ்ட் எடுத்துடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நீங்களும் வெளிய போகாதீங்க, யாரையும் உள்ள விடாதீங்க. எல்லாம் வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன்."

"நான் வேலைக்குக்கூடப் போகக் கூடாதுங்களா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னாலும் கூடாதும்மா."

அருணாதேவி கையைக் கழுவினாள். விடுதி முதலாளி சகாதேவனிடம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னாள். "என்னா காய்ச்சல்?" என்று அவர் கேட்டதற்கு, "பாத்துட்டுச் சொல்றேங்க" என்றாள்.

வேங்கிக்காலில் அவளுடைய வீட்டுக்கு இரண்டே அறைகள். சின்ன அறையிலிருந்து அரிசி மூட்டையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு ஒரு பாயை விரித்தாள். பழைய எவர்சில்வர் தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, துணிக்கு ஒரு வாளி. ஒரு பெண்ணைத் தனியே உட்கார வைப்பது எப்படி என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பள்ளி அனுப்பிய தாளில் முதல் நான்கு வரிகள் அவளுக்குத் தெரிந்த வேலைகளாகவே இருந்தன. அத்தோடு போனை வைத்துவிட்டாள்.

வியாழன் காலை சோதனை எடுத்துவிட்டு நேராக வீடு வந்தார்கள். முடிவு போனில் வரும், இரண்டு நாள் ஆகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

பதினோரு மணிக்கு எதிர்வீட்டு ராஜம்மாள் வாசலில் நின்றாள். கொடியில் கவிநிலாவின் துணி மட்டும் தனியாகக் காய்வதையும், தட்டு வேறாகக் கழுவிக் கவிழ்த்திருப்பதையும் பார்த்தாள்.

"என்னாடி தேவி, புள்ள பள்ளிக்கூடம் போகல? தனியா குந்திகினு இருக்கறா?"

அருணாதேவி கொடியில் துணியை நகர்த்திப் போட்டாள்.

"அடிப் பாவி! எங்கிட்ட சொல்றதுக்கு என்னாடி வெக்கம் உனக்கு?" ராஜம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இரு, வரேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சோதனை எடுத்திருக்கிறோம் என்று இரண்டு வார்த்தை. மே மாதம் அவளுடைய கணவன் வல்லரசு கொரோனாவில் செத்தபோது இதே வாசலில் தகரம் அடித்தார்கள். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. தகரத்தை எடுத்த பிறகும் தெருக்குழாயில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்தார்கள். சகாதேவன் மூன்று மாதம் கழித்துத்தான் வேலைக்குக் கூப்பிட்டார். இவற்றையெல்லாம் அவள் அந்த நேரத்தில் நினைத்தாளா என்றால், இல்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ராஜம்மாள் உளுந்தங்களியும் நல்லெண்ணெய்க் கிண்ணமும் மஞ்சளுமாக வந்தாள். சின்ன அறை வாசலில் நின்ற அருணாதேவியை முழங்கையால் ஒதுக்கினாள்.

"நீ தள்ளி நில்லு. நீ கை வெக்கக் கூடாது."

தாலி அறுத்தவள் இந்தக் காரியத்தில் கை வைக்கக் கூடாது என்பது அருணாதேவிக்கும் தெரியும். தள்ளி நின்றாள். ராஜம்மாள் உள்ளே போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் நெற்றியில் மஞ்சள் பூசினாள், களியை உருட்டி ஊட்டினாள். முகக்கவசம் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் போன பிறகு கவிநிலா கதவருகே வந்தாள்.

"அம்மா, அத்தை என்னென்னவோ சொல்றாங்க. எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"தெரியும். சும்மா இரு."

"நீ சொல்ல மாட்டியா?"

அருணாதேவி தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் சகாதேவன் போன் செய்தபோது அந்தப் பொய்யை அவளே சொன்னாள். பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டாங்க, ஒரு வாரம் வர முடியாது. "நல்ல சேதிதானே, இதைச் சொல்றதுக்கு இன்னா?" என்றார் அவர். மிகச் சுலபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் பேசினார். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால் மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது இரண்டு சிறுநீரகமும் போய், செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனையில் டயாலிசிஸ். சளி பிடித்தவர் பக்கத்தில்கூட நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எதிர்வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? இன்னிக்கு மெஷின்ல படுத்துட்டு நாளைக்கு ஓலையோட வரேன்."

"வேணாம்ண்ணா. உனக்கு உடம்பு..."

"மாமன் நான் உயிரோட இருக்கறப்ப வேற எவன் புள்ளைக்குக் குச்சுக் குடிசை கட்டுவான்? ஒரு நாள் பஸ்ல வந்தா செத்துட மாட்டேன், போ."

அன்று மாலை அவள் திரும்ப அழைத்தாள். அண்ணி எடுத்தாள். அசந்து தூங்குகிறார், எழுப்பட்டுமா என்றாள். அருணாதேவி "வேணாம் அண்ணி" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ராஜம்மாள் வாசலில் வைத்துவிட்டுப் போன களியைக் கவிநிலா தொடவில்லை.

"எண்ணெ வாசனையே வரலம்மா. கிண்ணத்தோட மோந்து பாத்தேன்."

முடிவு இன்னும் வரவில்லை. அருணாதேவி போனைத் திறந்து பள்ளி அனுப்பிய தாளைக் கடைசி வரை படித்தாள். அறிகுறி இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் நோய் இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏழாவது வரியில் இருந்தது. அதை இரண்டு முறை படித்தாள். அண்ணனை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பஸ்ஸில் இருந்திருப்பார்.

பத்தரை மணிக்கு ஷேர் ஆட்டோ தெருமுனையில் நின்றது. மண்ணாங்கட்டி இறங்கினார். வீங்கிய கால்களுடன், தோளில் பச்சைத் தென்னங்கீற்றுடன் மெதுவாக நடந்து வந்தார். ராஜம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் சீர்த்தட்டோடு காத்திருந்தார்கள்.

"வாங்க தாய்மாமா! கையில ஒரு வளையலக்கூடக் காணோமே. ஓலையோட தப்பிச்சிக்கலாம்னு பாக்கறீங்களா?" என்றாள் ராஜம்மாள்.

"பின்னால வண்டியில வருது. நீ வழி விடு."

அருணாதேவி கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அங்கியே நில்லுண்ணா. அவ வயசுக்கு வரல. கூடப் படிக்கிற பொண்ணுக்குக் கொரோனா. இவளுக்கும் டெஸ்ட் எடுத்துகீறோம். வாசனை தெரியலங்கறா."

பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நான்?" என்றாள் ராஜம்மாள். "நான் உள்ள போயி ஊட்டிட்டு வந்தேனேடி."

"ஆமாக்கா. நீங்களும் வெளிய போகாம இருங்க. டெஸ்ட் எடுக்கணும்."

"பாத்துக்கினேதான நின்ன! புருஷன முழுங்கினது பத்தலயாடி உனக்கு?" அவள் தட்டில் இருந்ததெல்லாம் தெருவில் விழுந்தது. பெண்கள் கலைந்தார்கள். ராஜம்மாள் தன் வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டாள்.

மண்ணாங்கட்டி தெருவின் மறுபக்கம் போய் நின்றார். பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே தேவி."

"சொல்லியிருக்கலாம்ண்ணா."

"புள்ள சாப்புட்டாளா?"

"கம்மியாத்தான்."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீற்றைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்.

நாலு மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைக் கவிநிலா கதவுக்கு உள்ளேயிருந்து படித்து, "பாசிட்டிவ்மா" என்றாள். அருணாதேவி ஆசிரியைக்குத் தகவல் சொன்னாள். பிறகு சகாதேவனை அழைத்து, இது அந்த விசேஷம் இல்லை, கொரோனா என்றாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் அவர். மறுநாள் கதவில் தாள் ஒட்டினார்கள். இந்த முறை தகரம் அடிக்கவில்லை. ராஜம்மாளுக்குச் சோதனையில் ஒன்றும் இல்லை என்று சுகாதாரப் பணியாளர் சொல்லித்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை அண்ணன் போன் செய்தார்.

"ஆஸ்பத்திரியில கேட்டாங்க, கொரோனா வூட்டுக்கு எங்கனா போனியான்னு. தெருவோட திரும்பிட்டேன்னேன். மெஷின்ல உட்டுட்டாங்க. ஓலை என்னாச்சின்னு கேளேன். பஸ் ஸ்டாண்டுல சாத்தி வெச்சிட்டு டீ குடிச்சேன், மாடு தின்னுடுச்சி."

"காய்ச்சல் கீய்ச்சல் இருக்குதாண்ணா?"

"ஒண்ணும் இல்ல."

"சரிண்ணா" என்றாள்.

சின்ன அறையிலிருந்து கவிநிலா, "யாரும்மா, மாமாவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அருணாதேவி. நல்லா இருக்காரா என்று கேட்டதற்கும் ஆமாம் என்றாள். பிறகு குழம்பைச் சூடுபண்ணப் போனாள்.