நெய்ப் பொங்கலோடு ஒரு மாத்திரை

போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் பார்த்தேன். என் மகள் தர்ஷினியின் உச்சந்தலையில் ஐம்பது காசு அகலத்துக்கு முடியே இல்லை. சுற்றிலும் செதில். மருந்துக்கடை கிரீமைத் தடவத் தடவ வட்டம் பெரிதானது. பள்ளியில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. "அம்மா, எனக்கு முடி வராதா?" என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்டாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முருகா, நீ இருக்கிறாயா இல்லையா என்று சண்டையே போட்டேன்.

ஜார்ஜ் டவுனில் தோல் மருத்துவரிடம் போனோம். முடியையும் செதிலையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தார்.

"பூஞ்சைம்மா. முடி வேருக்குள்ள இருக்கு, கிரீம் அங்க போகாது. மாத்திரைதான். பால், நெய்னு கொழுப்புள்ள சாப்பாட்டோட குடுங்க, அப்பதான் உடம்புல சேரும். முடி வந்தாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

விஷயம் தெரிந்து பிறை ஊரிலிருந்து என் நாத்தனார் வந்துவிட்டார். "சின்னப் பிள்ளைக்கு வாரக்கணக்கா மாத்திரையா? ஈரல் கெட்டுரும் லா, செல்வி. இது சாமி குத்தம். பூசத்துக்கு மொட்டை போடு. அதுவரைக்கும் பிள்ளை விரதம் இருக்கட்டும், பழம் போதும்."

எனக்கும் பயம்தான். பழம் மட்டும் தின்றால் மருந்து சேராது. மருந்து கொடுத்தால் விரதம் போச்சு.

வெள்ளிக்கிழமை நாத்தனாரும் கூட வர, கோயிலில் கண்ணை மூடி ஒன்றே ஒன்று கேட்டேன். பிள்ளையைப் பட்டினி போடவா, சொல். கண்ணைத் திறந்தால் குருக்கள் தர்ஷினியின் கையில் நெய் வழிய வழியப் பொங்கலை வைத்துக்கொண்டிருந்தார். "நல்லா சாப்பிடு பாப்பா," என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கைப்பையிலிருந்த மாத்திரையை எடுத்து அங்கேயே கொடுத்தேன்.

"கோயில்லயா?" என்றார் நாத்தனார்.

"ஆமா அண்ணி, கோயில்லதான்."

அன்றிலிருந்து ஒரு நாளும் விடவில்லை. முடி எட்டிப் பார்த்தபோதும் நிறுத்தவில்லை. டாக்டர் போதும் என்ற பிறகுதான் நிறுத்தினேன்.

தைப்பூசத்தன்று தர்ஷினி இரட்டைச் சடையோடு தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறினாள். வட்டம் இருந்த இடத்தில் புதுமுடி எந்தச் சடைக்கும் அடங்காமல் குத்திட்டு நின்றது. நாத்தனார் அதைத் தொட்டுப் பார்த்தார்.

மருந்தைத் தேடிப் போனவளுக்குப் பக்தி குறைவு என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளையும் தலையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முருகனிடம் அழுங்கள், சண்டை போடுங்கள், பிறகு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என் பிள்ளைக்குப் பொங்கல் கொடுத்தவன் உங்கள் பிள்ளையையும் கைவிடமாட்டான்.