கோதண்டராமன் வண்டியை ஓரங்கட்டினார்

திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கத்துக்கு ஊழியர்களை ஏற்றிப்போகும் ஒப்பந்த பஸ்ஸை இருபத்தேழு வருஷமாக ஓட்டுகிறார் கோதண்டராமன். ஊர்க்கதை என்றால் வாய் நீளம். தன் மனசில் இருப்பதைச் சொல்வதென்றால் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார். மனைவி அம்சா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்சா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் முகம் சுளிக்காமல் மலம் மூத்திரம் அள்ளியவள் மருமகள் திவ்யா. ஊரே சிரித்தாலும் அவர் தாங்கிக்கொள்வார். திவ்யா முன்னால் தலைகுனிய நேர்ந்தால், அப்புறம் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பது?

அப்படிப்பட்டவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசமாக மாட்டிக்கொண்டார்.

போனில் நட்பு அழைப்பு அனுப்பி, பத்து நாளாக ஒரு பெண் அரைகுறைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். மகன் பார்த்திபனும் திவ்யாவும் ஒரு கல்யாணத்துக்காக அச்சரப்பாக்கம் போயிருந்த நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்தார். அவள் மேல்துணியைக் கழற்றினாள். இவர் உடனே போனைக் கவிழ்த்துவிட்டார் என்று சொல்ல ஆசைதான், கவிழ்க்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தை, ஓரத்தில் தெரிந்த அவர் முகத்தோடு சேர்த்துப் பதிவு செய்து அனுப்பிவிட்டு ஐம்பதாயிரம் கேட்டார்கள். இல்லையென்றால் அவருடைய நட்புப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் போகுமாம். பட்டியலில் முதல் பெயர் திவ்யா.

அரை மணி கழித்துக் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் திரையில் தோன்றினான். வடக்கே ஏதோ பெரிய போலீஸ் அதிகாரியாம்; பணம் கட்டாவிட்டால் கேஸ் போடுவானாம். வேறு யாராக இருந்தாலும் எந்த ஸ்டேஷன் என்றாவது கேட்டிருப்பார்கள். டிரைவருக்குக் காக்கியைக் கண்டால் கை தானாக நீளும். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் படமெடுத்து அனுப்பினார்.

"சார், பொல்யூஷன் சர்ட்டிபிகேட் வண்டியில கீது சார். காலையில அனுப்பிடறேன்."

திருடனே ஒரு நொடி திகைத்துத்தான் போயிருப்பான். மறுநாள் காலை ஒன்பது மணி வரை கெடு வைத்தான்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வண்டியை எடுத்தார். சதுரங்கப்பட்டினம் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது. பிரேக்கில் சின்னச் சந்தேகம் வந்தாலும் உருட்டிக்கொண்டே போய்ச் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிற ஆளில்லை அவர். ஓரங்கட்டி, இன்ன கோளாறு என்று உள்ளே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. அன்றைக்கும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார்.

"நாப்பது உசுரு உள்ள உக்காந்துகினு கீறீங்க. எனக்கு இன்னிக்குக் கை நிக்கல. ஏன்னு சொல்லிடறேன்."

முழுவதையும் சொன்னார், எதிர்க் கண்ணாடியைப் பார்த்தபடியே. திரும்பி முகம் பார்க்கத் தைரியம் இல்லை. "உங்க போனுக்கு எதுனா வந்தா தெறக்காதீங்க. தெறந்தீங்கன்னா, அது நான்தான்."

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். முன்சீட்டில் இருந்த ஜாக்குலின் என்ற ஊழியர் திரும்பி முறைத்ததும் சிரிப்பு அடங்கியது.

"ஒத்த பைசா குடுக்காதீங்கண்ணா. ஒருவாட்டி குடுத்தா வுடவே மாட்டானுங்க. எதையும் அழிக்காதீங்க, அதான் சாட்சி. போனக் குடுங்க."

வந்த மிரட்டல்களையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண்களை பிளாக் செய்து, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகாரும் கொடுத்தார் ஜாக்குலின். அவர் கை நின்றபிறகு கிளம்பிய வண்டி அன்று தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

பஸ்ஸில் சொல்லிவிடலாம். வீடு இருக்கிறதே! சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"திவ்யா, ஒண்ணு சொல்லணும்மா."

"வந்துச்சு மாமா," என்றாள் அவள். "பத்து மணிக்கே. உங்க மூஞ்சி தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு லீவு போட்டு உங்களச் செங்கல்பட்டு சைபர் கிரைமுக்குக் கூட்டிகினு போறாராம்."

கோதண்டராமன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கண்ணில் நீர் முட்டியது.

"திட்டும்மா."

"திட்டறேன். தெரியாத பொண்ணுகிட்ட பத்து நாளா இன்னாதான் பேசினீங்க?"

அவர் போனை நீட்டினார். திவ்யா நின்றபடியே படித்தாள். சாப்டீங்களா, என்ன சாப்டீங்க என்று அந்தப் பெண் தினமும் கேட்டிருந்தாள். இவரும் தினமும் இட்லி, எலுமிச்சை சாதம் என்று ஒப்பித்திருந்தார். வெள்ளிக்கிழமை அவர் எழுதியிருந்ததற்கு வந்ததும் திவ்யாவின் விரல் நின்றது.

"இன்னிக்கு மருமக கத்திரிக்கா போட்டுக் காரக்கொழம்பு வச்சிது. அப்படியே எங்க அம்சா கைமணம். மருமககிட்ட சொல்லணும்னு கீது, கூச்சமா கீது."

இரண்டாம் தரம் படித்தாள். "இத எவளோ ஒருத்திகிட்ட சொல்வீங்க, எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா மாமா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. திட்டு அவ்வளவுதான்.

உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றி எடுத்து வந்தாள். வைத்துவிட்டு எப்போதும்போல வேலையைப் பார்க்கப் போகவில்லை; எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்படி கீது, சொல்லுங்க."

அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார், விழுங்கினார், மருமகள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் கம்மிம்மா," என்றார்.