மணல் போட்டுக் கழுவிய கார்

ராயபுரத்தில் நான் வாங்கிய பழைய கறுப்புக் காரின் பெயின்ட் மங்கிக் கிடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ரப்பிங் காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்து, மெழுகு பூசி, முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். நான்காம் ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து பார்த்தால், மீன்பிடிக்கப் போகும் என் மனைவியின் தம்பி, கடல் மணலும் தேங்காய் நாரும் வைத்துக் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"போட்டை இப்டித்தான் கழுவுவோம் மாமா. கார் சுத்தமா கீதா, பாரு?"

பானெட் முழுக்கக் கீறல்.

"கலீஜ் பண்ணிட்டியேடா, பாவி!" நாரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன்.

"ஒத்தாசை பண்ண வந்தவனப் போயி திட்றியே!" என்று மனைவி அவன் பக்கம் நின்றாள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சாப்பிடாமலே போய்விட்டான். அன்று மத்தியானமே மறுபடி தேய்க்க உட்கார்ந்தேன். கீறல் போகவில்லை. ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது.