சலாப வருஷத்தில் நான் ஒளித்து வைத்தது

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பங்குக் கோயிலின் மாத இதழில் ஒரு தொடர்கதை எழுதினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவனும் அவன் மனைவியும் மழைக்கு ஒதுங்க ஒரு காலிக் கன்டெய்னருக்குள் நுழைகிறார்கள். மழை விட்டுக் கதவைத் திறந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு. கரையில் முத்துச் சலாபம், அதாவது அரசாங்கம் நடத்தும் முத்துக்குளிப்பு, நடக்கிறது. அந்த ஒரே வருஷத்துக்குள் அவர்களைப் பதினான்கு இதழ்கள் சுற்றவிட்டேன். அழுகும் சிப்பிக் குவியலின் நாற்றத்தில் அவன் மூன்று நாள் பட்டினி கிடந்தான். அவள் சேலையில் குத்தியிருந்த ஊக்குக்கு வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி ஒரு கோழியைக் கொடுத்தாள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த கிழவர், சிக்னல் கிடைக்காத செல்போனைப் பார்த்து, “இதுக்கு என் மந்திரம் தேவலை” என்றார். அவர்களுக்கு நான் விதித்த சட்டம் ஒன்றுதான்: பார்க்கலாம், எதையும் மாற்றக்கூடாது.

வரலாறு நடத்தியே காலத்தைக் கழித்தவன் நான். ஏலமும் வரியும் புத்தகத்தில் கிடைத்தன. கடலுக்கு அடியில் மூச்சு எப்படி இருக்கும் என்பது கிடைக்கவில்லை. அதற்கு எங்கள் தெருவிலேயே ஒரு நண்பர் இருந்தார். என்னைவிட இருபது வயது இளையவர். சங்கு குளிக்கும் படகில் போகிறவர். ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டுக்கு வருவார்.

இறங்குகிறவன் கீழிருந்து இழுத்ததும் மேலே தூக்க, அவன் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்பது சலாபக் காலத்து வழக்கம். அக்காளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. அவன் கண்ணசர மாட்டான் என்ற நம்பிக்கை. இப்போது வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். என் நண்பரின் படகில் கயிறும் மச்சினனும் மட்டும் மாறவில்லை. அவர் தன் அக்காளின் கணவருக்குக் கயிறு பிடித்தவர். ஒரு நாள் அந்த மனிதர் பிணமாகத்தான் மேலே வந்தார். கயிறு அசையவே இல்லை என்று நண்பர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

ஒன்பது வருஷம் கழித்து என்னிடம் வேறு மாதிரி சொன்னார்.

“அசைஞ்சது சார். ரெண்டு தடவ இழுத்தாவ. மச்சான் எப்பவும் கீழ கெடந்துக்கிட்டு சும்மா இழுத்து வெளயாடுவாவ. நான் பதறிப்போய்த் தூக்குனா, ‘ஏலே மாப்ள, அக்கா மேல அம்புட்டுப் பாசமாலே’ன்னு சிரிப்பாவ. அன்னைக்கும் வெளயாட்டுன்னு நெனச்சேன். கையில டீ இருந்திச்சு. குடிச்சி முடிச்சிட்டுத்தான் இழுத்தேன்.”

பிறகு, “அக்காட்ட நானே சொல்லணும் சார். வாய் வரமாட்டேங்கு” என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்று மாதம் போயிற்று. பன்னிரண்டாவது இதழுக்கு எனக்கு எதுவும் ஓடவில்லை. நண்பர் சொன்னதை எடுத்து எழுதிவிட்டேன். டீ பதநீரானது, காற்றுக் குழாய் போய், ஆளை ஆழத்துக்கு இறக்கும் கல் காலில் வந்தது. மச்சான் இரண்டு முறை இழுத்து விளையாடுவதை மட்டும் அப்படியே விட்டேன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். கிரேன் ஓட்டுகிறவனும் அவன் மனைவியும் படகில் இருந்து பார்க்கிறார்கள். கயிறு இரண்டு முறை இழுபடுகிறது. சட்டப்படி சும்மா இருக்கிறார்கள். எழுதிவிட்டு என் எழுத்துக்கு நானே கண்கலங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “எப்படி சார் இப்படியெல்லாம் தோணுது?” என்றார் ஒருவர். கற்பனை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “தோணல. நடந்தது” என்றேன், பெருமையாக.

நண்பரின் அக்காள் பின்னால் நின்றிருந்தார். தலையில் முக்காடு, கையில் இதழ்.

“எந்தக் காலத்துல நடந்தது சார்?”

“சலாபக் காலத்துலம்மா.”

“அந்தக் காலத்து மச்சானும் ரெண்டு தடவதான் இழுப்பாவளோ?”

நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு அவர் தம்பியோடு பேசவில்லை. கல்லறைத் திருநாளுக்கு இருவரும் சேர்ந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த வருஷம் அவர் விடியலிலேயே தனியாகப் போய் வந்துவிட்டார். தம்பி போனபோது அவர் ஏற்றியது எரிந்து முடிந்திருந்தது. படகில் கூட இருந்தவர்கள் பதநீரை டீ என்று அடையாளம் கண்டுகொள்ள, விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தது மட்டும் தெரியாது. நண்பர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த இதழில் என் சட்டத்தை நானே உடைத்தேன். பயணிகள் பாய்ந்து கயிற்றைப் பிடித்து ஆளை உயிரோடு தூக்குகிறார்கள். அக்காள் அதற்குள் இதழ் வாங்குவதை நிறுத்திவிட்டிருந்தார்.

கடைசியில் மாப்பிள்ளையூரணியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அக்காளைப் பார்க்கப் போனேன். நாற்காலி போட்டு, சுக்குக் காபி கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன்.

“ஒங்கள என்ன சொல்ல சார். அவன் டீ குடிச்சதுக்கா நான் பேசாம இருக்கேன்? வெளயாட்டுன்னுதான் நெனச்சிருப்பான். அந்த மனுசனோட குடும்பம் நடத்துன எனக்குத் தெரியாதா? ஒம்பது வருசம் எங்கையால சோறு தின்னுட்டு, எங்கிட்ட சொல்லாம ஒங்கட்டல்லா போய்ச் சொல்லியிருக்கான். அவனே வந்து சொல்லியிருந்தா அழுது தீர்த்துட்டு விட்டிருப்பேன்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து நேரே கரைக்குப் போனேன். நண்பர் படகருகே குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்காள் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். நீங்கள் போனால் போதும், அழுதுவிட்டு விட்டுவிடுவார் என்றேன்.

சுருட்டிய கை நின்றது.

“இதையும் நீங்கதான் வந்து சொல்லணுமா சார்? இனிமே நான் போய் என்னத்தச் சொல்ல? சார் சொன்னாவ, அதான் வந்தேன்னா?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “வெயிலா இருக்கு. வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு, குழாயின் மறுமுனையை எடுக்கப் படகின் அந்தப் பக்கம் போய்விட்டார்.