பாதைக் காசும் பொங்கல் ஸ்பீக்கரும்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை. கோப்பி இன்னும் ஆறவில்லை. வாசலில் குலம் அண்ணை. தலையில் குல்லா, கையில் ஒரு கட்டுத் தாள்.

புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். குலம் அண்ணை ரொக்ஸ்பரோவில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். பனி விழுந்தால் நாமெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு ஊருக்கு டிக்கெட் என்ன விலை என்று பார்ப்போம். இவர் ஸ்னோமொபைலை வெளியே எடுப்பார். அதுதான்... பனிக்கு மேல் ஓடுகிற மோட்டார் சைக்கிள் மாதிரி ஒன்று. சனிக்கிழமைகளில் வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் ஓடிப்போய், அங்கே ஒரு கிளப்பில் சம்பளமில்லாமல் இந்த வண்டிகள் ஓடுகிற பனிப் பாதையைப் பராமரிக்கிறார்.

“ஒரு கையெழுத்துப் போடும்,” என்றார்.

“எதுக்கு அண்ணை?”

“இந்த வண்டியைப் பதியேக்க, பாதைக்கெண்டு தனியா ஒரு காசு வாங்கிறவங்கள். பாதையைப் பாக்கிறதுக்கு மட்டும்தான் அந்தக் காசு. இப்ப அரசாங்கம் அதை எடுத்துப் பொதுச் செலவுக்குள்ள போட்டிட்டுது. எங்கட பனி மட்டப்படுத்திற மெசின் பழுதாக் கிடக்கு. திருத்த வழியில்லை.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வாழ்நாளில் ஸ்னோமொபைலில் ஏறியதில்லை. அதனால் என்ன? கோபப்படுவதற்கு லைசென்ஸா வேண்டும்?

கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? அன்று மாலை எங்கள் தமிழ் ஒன்றியத்தின் கூட்டம். நான்தான் செயலாளர். தாள்களோடு குலம் அண்ணையையும் அழைத்துப் போனேன்.

மைக் கையில் கிடைத்தால் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். “ஒரு வேலைக்கென்று மக்களிடம் வாங்கிய காசை இன்னொரு வேலைக்கு எடுப்பது என்ன நியாயம்?” என்று கேட்டேன். நல்ல கைதட்டல். தாள் வரிசை வரிசையாகப் போய் முப்பது கையெழுத்தோடு கடைசி வரிசைக்குச் சேர்ந்தது.

அங்கே நின்றுவிட்டது.

கடைசி வரிசையில் பாக்கியம் அக்கா. லாசாலில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் முப்பது வருடம் பெட்டி அடுக்கிவிட்டு ஓய்வு பெற்றவர். கூட்டங்களில் வாய் திறக்காதவர். பேனையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி, அப்ப எங்கட காசு?”

“எந்தக் காசு அக்கா?”

“முந்தின குளிருக்கு ஸ்னோமொபைல் ஓடக் கூட்டிக்கொண்டு போறம் எண்டு ஆளுக்கு நாப்பது டொலர் வாங்கினீங்கள்.”

வாங்கினோம். உண்மை. அந்த வருடம் பொங்கல் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் பழைய ஸ்பீக்கர் கரகரத்து ஓய்ந்துபோனது. பிள்ளைகளின் நடனம் இருக்கிறது, பாட்டில்லாமல் எப்படி ஆடுவது? சுற்றுலாக் காசை எடுத்துப் புதிது வாங்கினோம். பேந்து, அதாவது பிறகு, திருப்பிப் போடலாம் என்றோம். பேந்து என்பது நம்மவர்களின் காலண்டரில் இல்லாத மாதம். வரவே வராது.

“அக்கா, ஸ்பீக்கர் எல்லாருக்கும் பொதுவானதுதானே,” என்றேன்.

“அரசாங்கமும் அப்பிடித்தானே தம்பி சொல்லுது?”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். நான் மைக்கைப் பார்த்தேன். அது அந்த ஸ்பீக்கரோடுதான் இணைந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் விடவில்லை. “முப்பது வருசம் இந்தப் பனிக்குள்ள பஸ்ஸுக்கு நிண்டனான். ஒருநாளாவது அதுக்கு மேல ஓடிப் பாக்கவேணும் எண்டுதான் காசு தந்தனான். பனிக்குப் போடுற காற்சட்டையும் வாங்கி வைச்சிருக்கிறன், விலைச்சீட்டுக்கூடக் கழட்டேல்லை. சித்திரையில எனக்கு முழங்கால் ஒப்பரேசன். அதுக்குப் பேந்து ஏறலாமோ தெரியாது.”

பேனையை மூடி, கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பித் தந்தார்.

நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். அன்றே எங்கள் சொந்தப் பையிலிருந்து காசைப் போட்டோம். குலம் அண்ணை தன் கிளப்பில் ஏற்பாடு செய்தார். போன சனிக்கிழமை ஒரு வான் வண்டியில் எட்டுப் பேர் புறப்பட்டோம்; குலம் அண்ணை தன் காருக்குப் பின்னால் ஸ்னோமொபைலைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வானின் முன் சீட்டில் பாக்கியம் அக்கா, அந்தக் காற்சட்டையோடு.

போய் இறங்கினால்... பாதையின் வாசலுக்குக் குறுக்கே சங்கிலி. மூடியிருக்கிறது என்று பிரெஞ்சில் ஒரு பலகை. முந்தைய நாள் மழை பெய்து உறைந்திருந்ததாம். மட்டப்படுத்தும் மெசின் ஓடாததால் பாதை முழுக்கப் பள்ளமும் திட்டியும். ஆட்களை ஏற்ற முடியாது என்று கிளப்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

பாக்கியம் அக்கா அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் நாங்கள் எடுத்தோம். அடுத்து அரசாங்கம் எடுத்தது. இரண்டு தடவையும் காத்து நின்றது அதே மனுசி.

“குலம், அந்தத் தாள் இருக்கே?” என்று கேட்டார். அவர் காரின் பொனட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

குலம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. கிளப் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள வளவு சமதரை, நல்ல பனி. கேட்டு அனுமதி வாங்கித் தன் வண்டியை இறக்கினார். ஹெல்மெட்டுக்காக அக்கா கொண்டையை அவிழ்த்தார். குலம் அண்ணைக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்தார். மூன்று சுற்று. இரண்டாவது சுற்றில் ஒரு கையை எடுத்து எங்களுக்குக் காட்டினார். என் கண் கலங்கியது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது பொட்டு அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

“எப்படி அக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வளவு. நான் காசு தந்தது பாதைக்கு.”

“ஓம் அக்கா. காசு அப்பிடியே இருக்கு. டொக்டர் ஓமெண்டா அடுத்த குளிருக்குப் போவம்.”

“பொங்கல் வருமே, அதுக்கு முதல்? ஸ்பீக்கர் திரும்பக் கரகரத்தா?”

திரும்ப வான் வண்டியில் ஏறியதும் அக்கா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வரும்போதே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ‘ஸ்னோமொபைல் காசை வேறு எதற்கும் எடுக்கமாட்டேன்.’ கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அரசாங்கத்துக்கு எதிரான மனுவில் முப்பத்தொரு கையெழுத்து. எனக்கு எதிரான மனுவில் ஒன்றே ஒன்று... அது என்னுடையது.