ஒப்பந்தத்தில் எழுதாத விளக்கு

வீடு விற்றதில் நான் செய்த முதல் தவறு, பார்க்க வந்தவருக்கு டீ போட்டுக் கொடுத்தது. சிரிக்காதீர்கள். டீ ஆறுகிற வரைக்கும் வாய் சும்மா இருக்காது. என் வாய் எப்போதுமே சும்மா இருந்ததில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் முப்பது வருடம் நின்றவன் நான். "இவன்கிட்ட ஒரு மீட்டர் துணி கேட்டா, ஒம்பது மீட்டர் பேச்சையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பான்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதைப் பாராட்டு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

டத்தோ கெராமட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. மாடி வீடு. படுக்கை அறை, குளியல் அறை எல்லாம் மேலே. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தாள். மகள் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்க்கிறாள். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே லிஃப்ட் வைத்த அடுக்குமாடி ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, "விக்கிறீங்களா, இல்ல அம்மாவைத் தூக்கிட்டு ஏறப் போறீங்களா?" என்று கேட்டாள். விற்பது என்று முடிவானது.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

வீட்டுக்குப் பின்னால், வடிகாலை ஒட்டி ஒரு அரநெல்லி மரம். அதன் அடியில் ஒரு கல், ஒரு சூலம். அவளுடைய முனீஸ்வரர். மகளுக்கு மூன்று வயதில் பதினோரு நாள் காய்ச்சல் இறங்காமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்தவள் அந்தக் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, விளக்கு வைத்தாள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மருந்தால் இறங்கியது என்று நான் சொன்னேன். "மருந்து பதினோரு நாளும்தானே போச்சு?" என்றாள். அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்த விளக்கு நின்றதில்லை. அவளுக்கு முடியாதபோது மகள் ஏற்றினாள். இருவருக்கும் முடியாதபோது நான்.

"அவரை அடுக்குமாடிக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. மண்ணுல நிக்கிறவரு. யாரு வாங்குறாங்களோ அவங்க வெள்ளிக்கிழமை விளக்கு போடணும். அது ஒண்ணுதான் எனக்கு. விலையெல்லாம் நீங்க பாத்துக்குங்க" என்றாள்.

வீட்டு ஏஜண்ட் ஒரு தமிழ்ப் பெண்தான். நாற்பது வயதிருக்கும். வேகவேகமாகப் பேசுவாள், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவாள். முதல் நாளே என்னை எடைபோட்டுவிட்டாள். "அங்கள், வீட்டைக் காட்டுங்க, உங்களைக் காட்டாதீங்க. ஏன் விக்கிறீங்க, எப்ப பணம் வேணும், யாருக்குக் கால் வலி, ஒண்ணும் சொல்லாதீங்க லா. எதுன்னாலும் என்கிட்ட தள்ளிவிடுங்க" என்றாள். வீட்டைக் காட்டுங்க, உங்களைக் காட்டாதீங்க. எவ்வளவு நல்ல சொல்! காப்பிக் கடையில் பத்துப் பேரிடம் சொல்லி ரசித்தேன். அதன்படி நடக்கத்தான் இல்லை.

முதலில் வந்தது ஒரு சீனத்து அம்மா. அறுபது வயதுக்கு மேல். பக்கத்துப் பாசாரில் கஞ்சி விற்கிறவர். கடைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டுமாம். கீழே பார்த்தார், மேலே பார்த்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார். பின்கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மரத்தடிக்குப் போய், இரண்டு கையையும் கூப்பி மூன்று முறை ஆட்டினார்.

"அண்ணே, இவரு யாரு? டத்தோவா?" பாசாரில் பழகிய தமிழும் மலாயும் கலந்து கேட்டார். மரத்தடியில் சிவப்புக் கூண்டு கட்டிச் சீனர்கள் கும்பிடுகிற காவல் சாமிதான் டத்தோ.

"அந்த மாதிரிதான்" என்றேன்.

"இவரு இருக்கட்டும். நான் பாக்கிறேன். ஆனா என்னா நாளு, என்னா சாமான், சுருட்டு வேணுமா, கோழி வேணுமா, எல்லாம் எழுதிக் குடு. லாயர் பேப்பர்லயே எழுது. நான் தப்பா செஞ்சா இவரு கோவிச்சுக்குவாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாமிக்கு லாயர் பேப்பரா? கேட்ட விலைக்கு அவர் பேரமே பேசவில்லை. மகனுடைய வங்கிக் கடன் விஷயமாக இரண்டு வாரம் மட்டும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்: "அந்தம்மா செருப்பைக் கழட்டுனாங்களே, பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆனா நம்ம சாமி அவங்க கையிலயா? நம்மாளு யாராச்சும் வருவாங்க, பொறு."

இதைச் சொன்னது நான்தான். அவள் சொன்னதாக இன்றுவரை யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை. அந்த ஒரு நேர்மைதான் மிச்சம்.

நம்மாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஐம்பது வயது, நெற்றியில் மூன்று கோடு திருநீறு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலிலேயே "அண்ணே", உள்ளே வந்ததும் "அக்கா". நான் டீ போட்டேன்.

"அண்ணே, அப்பா காலத்துல எந்த ஊரு?"

"கெடா. ரப்பர்த் தோட்டம்."

"அட, எங்க அப்பாவும் கெடாதான்! சுத்திச் சுத்தி நாமெல்லாம் ஒண்ணுதான் போங்க."

அவ்வளவுதான். மூட்டை அவிழ்ந்துவிட்டது. மனைவியின் முழங்கால், அடுக்குமாடிக்கு முன்பணம் கட்ட வேண்டிய தேதி, மகள் போடுகிற அவசரம், கடைசியில் முனீஸ்வரரும் வெள்ளிக்கிழமை விளக்கும், ஒன்று விடாமல் சொன்னேன். முப்பது வருடம் துணி விற்றவன். சேலையைத் தொட்ட கையைப் பார்த்தே வாங்குவாளா மாட்டாளா என்று சொல்லிவிடுவேன். எதிரே உட்கார்ந்திருந்த அந்த ஆள் என்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அவர் எழுந்து பின்பக்கம் போனார். விளக்கில் எண்ணெய் இருந்தது. சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து ஏற்றினார். வெள்ளிக்கிழமைகூட இல்லை, ஞாயிறு. கண்ணை மூடி நின்றார். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவர், "அண்ணே, வெளியாளுக்குச் சொல்ற விலையையா எனக்கும் சொல்வீங்க? அக்காவோட சாமியையும் சேர்த்து நான் பாத்துக்கப் போறேன். கொஞ்சம் பாத்துச் செய்யுங்களேன்" என்றார்.

விலையில் பதினைந்தாயிரம் வெள்ளி குறைத்தேன். விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவரிடம் பேரம் பேசக் கூச்சமாக இருந்தது. ஏஜண்ட் பெண் போனில் கத்தினாள். "அங்கள், அந்த ஆன்ட்டி கேட்ட விலையைக் குடுக்குறாங்க லா! இவருக்கு எதுக்கு இறங்கிப் போறீங்க?" நம்மாள் என்றேன். "நம்மாளுன்னா விலைய ஏத்தியில்ல குடுக்கணும்?" என்றாள். அதையும் காப்பிக் கடையில் சொல்லிச் சிரித்தேன்.

ஒப்பந்தம் கையெழுத்தாகிற நாள் வந்தது. துறைமுகத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தில் வழக்கறிஞர் அலுவலகம். லிஃப்ட் கிடையாது. வீடு இருவர் பேரிலும் இருந்ததால் மனைவியும் வர வேண்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பதினேழு படி ஏறினாள். மேலே போய் உட்கார்ந்தபோது அவள் மேலுதடு வியர்த்திருந்தது.

அலுவலகத்துப் பெண் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி மலாயில் விளக்கினாள். விசிறி மூன்று, சமையலறை அலமாரி, தண்ணீர்த் தொட்டி, இவையெல்லாம் வீட்டோடு சேர்ந்தவை. விசிறிகளின் எண்ணிக்கைகூட எழுதியிருந்தது. கடைசியில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்: "வேற ஏதாச்சும் நிபந்தனை சேர்க்கணுமா?"

மனைவி என் கையில் மெல்ல இடித்தாள்.

நான் வாயைத் திறந்தேன். எதிரே இருந்த நம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னாண்ணே, சாமியைப் பேப்பர்லயா எழுதுறது? விசிறியோட சேர்த்து முனீஸ்வரரையும் எண்ணி வைப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதுங்கள் என்று சொன்னால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். விளக்கேற்றிய மனிதரை, கெடாக்காரர் மகனை, அண்ணே என்று கூப்பிட்டவரை. அத்தனை பேர் முன்னால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வாழ்நாள் முழுக்க ஓயாமல் பேசியவன், பேச வேண்டிய ஒரே இடத்தில் "வேற ஒண்ணும் இல்லைம்மா" என்றேன்.

மனைவி கையெழுத்துப் போட்டாள். பேனாவை மேசையில் வைக்காமல் என் கையில் கொடுத்தாள்.

இரண்டாவது இடி அவள் இடிக்கவில்லை. அதைத்தான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு தடவை இடித்தாள், நான் சிரித்ததைப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

சாவி கொடுத்த ஐந்தாவது மாதம். அடுக்குமாடியில் எல்லாம் வசதிதான். லிஃப்ட் ஓடியது, மகள் தினமும் வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை மனைவி, "ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துருவோமா? உள்ள போக வேணாம். பின்சந்து வழியா எட்டிப் பாத்தா போதும்" என்றாள். கையில் ஒரு சின்னப் போத்தலில் நல்லெண்ணெய் வைத்திருந்தாள்.

காடியைப் பின்சந்தில் நிறுத்தினேன். மரம் இல்லை. மரம் இல்லாததால் வானம் அதிகமாகத் தெரிந்தது, முதலில் அது எந்த வீடு என்றே எனக்குப் புரியவில்லை. பின்கட்டு முழுக்கச் சிமெண்டு. அதன்மேல் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை. துணி காயப்போடும் கம்பியில் வெள்ளைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின, எல்லாம் ஒரே அளவு. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற ஹோம்ஸ்டே ஆக்கிவிட்டார். மதில்மேல் பலகை இருந்தது. பின்கதவில் எண் அழுத்தித் திறக்கிற பூட்டு.

நான் நம்மாளுக்குப் போன் போட்டேன். மனைவி பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே! சொல்லுங்கண்ணே, அக்கா சுகமா?"

"தம்பி, கல்லு எங்க? மரம் எங்க?"

"ஓ, அதுவா. வர்றவங்க வெளிநாட்டுக்காரங்கண்ணே. சூலத்தைப் பாத்துப் பயப்படுறாங்க. இலை வேற கொட்டிக் கொட்டி வடிகால் அடைச்சுக்குது."

"விளக்கு போடுறேன்னு சொன்னீங்களே?"

"போட்டேனேண்ணே. நீங்க பாத்தீங்கதானே?" என்றார். "அப்படி முக்கியம்னா அன்னிக்கே எழுதிருக்கலாமே. லாயர் பொண்ணு கேட்டுச்சே, நீங்கதானே இல்லைன்னீங்க?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால் எனக்குத் திட்டக்கூட வழியில்லாமல் போயிற்று. கல் எங்கே என்று மறுபடி கேட்டேன். மரம் வெட்ட வந்தவர்கள் கிளையோடு சேர்த்து ரோட்டோரம் போட்டார்கள், குப்பை லோரி எடுத்திருக்கும் என்றார்.

மனைவி எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். எங்கே போகிறாள் என்று எனக்கே தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. நான்கு வீடு தள்ளி யாரோ "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டார்கள். அந்தக் கஞ்சிக்கார அம்மா. எங்களிடம் கிடைக்காமல், அதே சந்தில் வேறு வீடு வாங்கியிருக்கிறார். கேட்டை ஒட்டி, தரையைக் கொத்திக் கொஞ்சம் மண் எடுத்து, சிவப்பு பெயிண்ட் அடித்த ஒரு கூண்டு. உள்ளே எங்கள் கல். ஒரு ஓரம் சில்லு போயிருந்தது. சூலம் வளைந்திருந்தது. மூன்று ஊதுவத்தி, ஒரு கிண்ணத்தில் மூன்று ஆரஞ்சுப் பழம்.

"ரோட்டுல கெடந்தாரு. மகனைக் கூப்பிட்டுத் தூக்கிட்டு வந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, உண்மையான கவலை இருந்தது. "அண்ணே, என்னா நாளு, என்னா சாமான், எனக்கு ஒண்ணும் தெரியல. எழுதிக் குடுன்னு அன்னிக்கே கேட்டேன். நீ எழுதல."

மனைவி சொல்லச் சொல்ல, அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையிலும் வட்டம் போட்டார். அந்த வருடம் முடிகிற வரைக்கும், பக்கம் பக்கமாகப் புரட்டிப் போட்டார்.

ஏஜண்ட் பெண்ணிடம் வீடு விற்க இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். சில சமயம் வயதானவர்களை என்னிடம் அனுப்புவாள், "அங்கள்கிட்ட பேசிட்டு அப்புறம் விக்கிறதப் பத்தி யோசிங்க" என்று. நான் டீ போடுகிறேன். விலை, வரி, பெயிண்ட் இதெல்லாம் அவள் சொல்வாள். வாங்குகிறவர் உங்கள் சாமியைக் கும்பிட்டால் அன்றைக்கு விலை பேசாதீர்கள் என்று மட்டும் நான் சொல்கிறேன். மனதுக்குள் ஒரு நிபந்தனை இருந்தால், அது எத்தனை சின்னதானாலும், எழுதச் சொல்ல எத்தனை கூச்சமானாலும், எழுதச் சொல்லுங்கள் என்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள். பிறகு, "எங்களுக்கு வர்றவரு அப்படியில்லீங்க, ரொம்ப நல்ல மாதிரி" என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவியை அந்தச் சந்துக்குக் கூட்டிப் போகிறேன். காடியை அந்த அம்மா வீட்டுக்கு எதிரே நிறுத்துவேன். முதல் வாரம் நானும் இறங்கப் போனேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க காடியிலயே இருங்க. வந்தா பேசுவீங்க."

இருக்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வேன். உள்ளே இரண்டு பெண்களும் குனிந்து எண்ணெய் ஊற்றுவது தெரியும். அவர்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.